டி.சி. வாங்க வேண்டாம்

கருவுற்ற மாணவியை யாரும் பள்ளியிலிருந்து 'நீக்குவது' கிடையாது. நீக்கினேன் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திய தாளைத் தேடிப் பாருங்கள், கிடைப்பது அரிது. நடப்பது வேறு. அப்பாவையோ தாய்மாமனையோ கூப்பிட்டு, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "புள்ளையோட நல்லதுக்குத்தான் சொல்றேன், டி.சி.ய வாங்கிக்குங்க" என்பார்கள். வந்தவர் குனிந்த தலை நிமிராமல் ஒரு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவார். வெளியேறும் காரணம் என்ற கட்டத்தில் 'பெற்றோர் விருப்பம்' என்று எழுதப்படும். பதிவேட்டின்படி யாரும் யாரையும் வெளியேற்றவில்லை. ஒரு தகப்பன் தன் விருப்பத்தில் தன் மகளை அழைத்துக்கொண்டு போயிருக்கிறான், அவ்வளவுதான்.

டி.சி., அதாவது மாற்றுச் சான்றிதழ் என்ற அந்த ஒரு தாளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதை வாங்காதீர்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். ஏன் வாங்கக்கூடாது, வாங்காவிட்டால் என்ன ஆகும், ஏற்கெனவே வாங்கியிருந்தால் என்ன வழி என்பதெல்லாம் பின்னால் வரும்.

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு. காபி, மிளகு, சில்வர் ஓக் மரம், ஏரியில் படகு என்று சுற்றுலாப் பயணி அறிந்த ஏற்காடு ஒன்று. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபிச் செடியைக் கொண்டுவந்த கதை அதோடு சேர்ந்தது. 1917-இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் போன்ற விடுதிப் பள்ளிகளும் அந்த ஏற்காடுதான். வெளியூர்க் குடும்பங்கள் பிள்ளைகளைப் படிக்க அனுப்பும் மலை அது. அதைச் சுற்றிச் சேர்வராயன் மலையெங்கும் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களின் ஏற்காடு இன்னொன்று. அங்கே பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளத்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். தமிழ் பேசும் மலைவாழ் மக்கள் இவர்கள். ஏற்காடு சட்டமன்றத் தொகுதியே பழங்குடியினருக்காக ஒதுக்கப்பட்டதுதான்.

இந்த இரண்டாவது ஏற்காட்டில் ஒரு பெண்பிள்ளையின் படிப்பு எப்படி நிற்கிறது என்பதைக் கவனித்தால், கர்ப்பம் பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது. ஊருக்குள் தொடக்கப் பள்ளி இருக்கும். அதற்கு மேல் படிக்கப் பேருந்து பிடிக்க வேண்டும், அல்லது பழங்குடியினர் நலத் துறையின் உண்டு உறைவிடப் பள்ளியில் தங்க வேண்டும். காபிப் பழம் பறிக்கும் பருவம் நவம்பரில் தொடங்கி ஜனவரியைத் தாண்டும். அரையாண்டுத் தேர்வும் திருப்புதல் தேர்வும் அதே மாதங்களில்தான். அப்பா அம்மா இருவரும் தோட்ட வேலைக்குப் போனாலோ, மலையிறங்கி வெளியூருக்கு வேலைக்குப் போனாலோ, தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஒரு மாதம் வகுப்புக்குப் போகாமல் இருந்த பிள்ளை மறுபடி போகக் கூச்சப்படும். "வயசுக்கு வந்த புள்ளைய வீட்ல சும்மா எத்தன நாளைக்கு வெச்சிருக்கறது" என்ற பேச்சு அடுத்து வரும். மாப்பிள்ளை சொந்தத்திலேயே இருப்பான்.

படிப்பு நின்றதால் கல்யாணம் வருவதும் உண்டு, கல்யாணத்தால் படிப்பு நிற்பதும் உண்டு. கணக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதற்குத் தேசியக் குடும்ப நல ஆய்வில் ஒரு தடயம் இருக்கிறது. 2019-21 ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் பள்ளிக்கே போகாதவர்களில் 18 விழுக்காட்டினர் ஏற்கெனவே தாயாகவோ கர்ப்பிணியாகவோ இருந்தனர். பன்னிரண்டு ஆண்டோ அதற்கு மேலோ படித்தவர்களில் அது 4 விழுக்காடு. தமிழ்நாட்டில் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் 6.3 விழுக்காடு, ஏறத்தாழ பதினாறு பேரில் ஒருத்தி. இதில் 18, 19 வயதினரும் அடக்கம் என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது: தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் 12.8 விழுக்காட்டினருக்குப் பதினெட்டு முடியும் முன்பே கல்யாணம் ஆகியிருந்தது. எட்டுப் பேரில் ஒருத்தி. கல்வியில் முன்னோடி என்று நாம் பெருமை பேசிக்கொள்ளும் மாநிலத்தின் கணக்கு இது.

இனி சட்டத்துக்கு வருவோம். கருவுற்ற பெண் பள்ளிக்கு வரக்கூடாது என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வரலாம், அவளைத் தக்கவைக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லும் தனிச்சட்டமும் இல்லை. இந்த மௌனத்துக்குள்தான் டி.சி. வேலை செய்கிறது.

மௌனம் முழுமையானது அல்ல. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்குப் பொருந்தும். அதன் 16-ஆம் பிரிவின்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்ற முடியாது. 'ஆனால்' என்று தொடங்கும் விலக்கு எதுவும் அதில் இல்லை. 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. வகுப்பில் எல்லோர் முன்னாலும் எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்பதும், 'உன்னப் பாத்து மத்த புள்ளைங்களும் கெட்டுப் போயிரும்' என்பதும் அந்தப் பிரிவுக்குள் வரும். இடையில் நின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப்பயிற்சி தர வேண்டும் என்கிறது 4-ஆம் பிரிவு.

சிக்கல் ஒன்பதாம் வகுப்பிலிருந்து. அங்கே இந்தச் சட்டத்தின் கை எட்டாது. நாம் பேசும் பெண்களில் பலரும் அந்த வயதில்தான் இருக்கிறார்கள். அங்கே துணைக்கு வருவது அரசமைப்புச் சட்டம்: சமத்துவத்துக்கான 14-ஆம் உறுப்பு, பாலின அடிப்படையில் அரசு பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் 15-ஆம் உறுப்பு, கண்ணியமான வாழ்வுக்கான 21-ஆம் உறுப்பு. ஒரே வகுப்பில் படிக்கும் பையன் அப்பனாகிவிட்டான் என்று யாரும் அவனுக்கு டி.சி. கொடுப்பதில்லை. பெண்ணுக்கு மட்டும் கொடுத்தால் அதற்குப் பெயர் பாலினப் பாகுபாடு. இதை நீதிமன்றத்தில் வாதிட்டு வெல்லலாம். ஆனால் கல்லூரிப் பெண்களின் விஷயத்திலேயே நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் அறிந்து வைத்திருப்பது நல்லது. கர்ப்பத்தால் வருகை குறைந்த சட்ட மாணவிகளுக்கு 2010-இல் பரிவு காட்டிய அதே தில்லி உயர் நீதிமன்றம், 2018-இல் வந்த இன்னொரு மாணவிக்கு விதியைத் தளர்த்த மறுத்தது.

ஆப்பிரிக்காவில் நிலைமை நேர்மாறாக இருந்தது, அதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. தான்சானியாவில் கர்ப்பமான மாணவியை வெளியேற்றப் பழைய விதி ஒன்றே இருந்தது. 'ஒழுக்கக் கேடு' என்ற சொல் அதற்குப் பயன்பட்டது. 2017 ஜூனில் அன்றைய அதிபர் மகுஃபுலி, பிள்ளை பெற்றவளுக்கு அரசுப் பள்ளியில் மறுபடி இடமில்லை என்று பொதுக்கூட்டத்திலேயே அறிவித்தார். அவர் இறந்த பின், 2021 நவம்பரில், அந்தத் தடை விலக்கப்பட்டது. சியரா லியோனில் 2015-இலிருந்து தடை இருந்தது. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பு நீதிமன்றம் 2019 டிசம்பரில் அது செல்லாது என்றது. 2020 மார்ச்சில் அந்நாட்டு அரசு அதைக் கைவிட்டது. கென்யாவோ 1994-லேயே பிரசவத்துக்குப் பின் பள்ளிக்குத் திரும்பும் வழியைக் கொள்கையாக வகுத்துவிட்டது. தான்சானியாவிலும் சியரா லியோனிலும் தடை எழுத்தில் இருந்தது. எழுத்தில் இருந்ததால் அதை நீதிமன்றத்தில் நிறுத்திக் கேள்வி கேட்க முடிந்தது. நம் ஊர்த் தடைக்கு எழுத்தும் இல்லை, முகவரியும் இல்லை. அதனால்தான் இங்கே போராட்டத்தின் முதல் வேலை, மறுப்பை எழுத்தில் வாங்குவது.

ஆனால் குடும்பங்கள் ஏன் எழுத்தில் எதையும் கேட்பதில்லை? பயம். அந்தப் பயத்தின் பெயர் போக்சோ.

இதைச் சுற்றிவளைக்காமல் பேசியாக வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பெண்ணின் சம்மதத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. அவள் கர்ப்பமாக இருப்பதே, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் கண்ணில், அவள் மீது இழைக்கப்பட்ட ஒரு குற்றத்தின் அடையாளம். கர்ப்பம் உண்டானால் அது கடுமையான குற்ற வகைக்குள் போய்விடும். 2019 திருத்தத்துக்குப் பின் அதற்குக் குறைந்தபட்சத் தண்டனையே இருபது ஆண்டு. விஷயம் தெரிந்தவர் யாராக இருந்தாலும், ஆசிரியர், மருத்துவர், விடுதிக் காப்பாளர் உட்பட, 19-ஆம் பிரிவின்படி காவல் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை.

'கல்யாணம் பண்ணி வெச்சுட்டா கேஸ் போயிரும்' என்று ஊர்ப்பெரியவர்கள் சிலர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். போகாது. 2017 அக்டோபர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வாசலை அடைத்துவிட்டது. மனைவியாகவே இருந்தாலும் பதினெட்டுக்குக் கீழே என்றால் அது வன்புணர்வுதான் என்றது தீர்ப்பு. புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அதே பதினெட்டுதான். அவசரத் தாலி கேஸைக் குறைக்காது, கூட்டும். பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட ஆண் சிறுமியை மணந்தால் 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். நடத்தி வைத்தவரும், ஏற்பாடு செய்த பெற்றோரும் குற்றவாளிகளே. பையனுக்கும் பதினெட்டு ஆகவில்லை என்றால் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும்.

இதெல்லாம் தெரிந்த குடும்பம் என்ன செய்யும்? மறைக்கும். கிராம சுகாதாரச் செவிலியரிடம் வயதைக் கூட்டிச் சொல்லும்; அல்லது போகவே போகாது. தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிவு செய்து வாங்கும் எண் இருந்தால்தான் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் எளிதாகக் கிடைக்கும். அந்த எண்ணை வாங்கப் போனால் வயது தெரிந்துவிடும். எனவே பதிவில்லை, இரும்புச்சத்து மாத்திரை இல்லை, ஸ்கேன் இல்லை. இடுப்பெலும்பு முழுதாக வளராத வயது. இரத்தசோகையோ தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு உண்டு. பேறுகால வலிப்பு வருமளவு இரத்த அழுத்தம் ஏறும் ஆபத்தும் இந்த வயதில் அதிகம். இதையெல்லாம் வைத்துக்கொண்டு, வண்டி போகாத பாதையில், இரவில், மலையிறங்கிச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்குப் போய்ச் சேர வேண்டும். பள்ளியை விட்டு அவளை மறைத்ததும் மருத்துவமனையை விட்டு மறைத்ததும் ஒரே பயம்தான்.

அந்தப் பயத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது, இந்த வழக்கில் பெண் குற்றவாளி அல்ல. பாதிக்கப்பட்டவள். அவள் பெயரோ, படமோ, பள்ளியோ எந்தச் செய்தியிலும் வரக்கூடாது. வாக்குமூலத்தை வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, முடிந்தவரை பெண் காவலர், சீருடை இல்லாமல் பதிவு செய்ய வேண்டும். காவல் துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். வழக்கு முடியும்வரை அவளோடு இருக்க உதவி நபர் ஒருவரை அந்தக் குழு நியமிக்கலாம். 2020 போக்சோ விதிகளில் நான் முக்கியமாகக் கருதுவது 9-ஆம் விதி. இழப்பீட்டைக் கணக்கிடும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்ற பட்டியலில், குற்றத்தால் படிப்பு வாய்ப்பை இழந்தாளா என்பதும் இருக்கிறது, கர்ப்பமானாளா என்பதும் இருக்கிறது. வழக்கு முடியக் காத்திருக்காமல் இடைக்கால இழப்பீடும் கேட்கலாம். டி.சி. வாங்கிப் படிப்பு நின்ற பெண்ணுக்கு, அந்த இழப்பே அவளுக்குச் சேர வேண்டிய தொகையில் ஒரு பங்கு. இதைக் கேட்டு வாங்கித் தர வேண்டியவர்கள் பலருக்கே இது நினைவில் இருப்பதில்லை.

இரண்டாவது, கருவைத் தொடர விருப்பமில்லை என்றால் வழி உண்டு. 2021 திருத்தத்துக்குப் பின் சிறுமிகளுக்கு 24 வாரம் வரை சட்டப்படி கருக்கலைப்பு செய்யலாம். 20 வாரத்துக்கு மேல் இரண்டு மருத்துவர்களின் கருத்து வேண்டும்; காப்பாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் எத்தனை வாரமானாலும் வேண்டும். 2022 செப்டம்பர் 29 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் காவல் துறைக்குத் தரும் தகவலில் மருத்துவர் அவள் பெயரையும் அடையாளத்தையும் குறிப்பிட வேண்டியதில்லை என்றது. இந்தத் தீர்ப்பு தெரியாததால் நாட்டு மருந்தையும் பப்பாளியையும் நம்பிப் பிள்ளைகள் உயிரை விடுவதுதான் கொடுமை.

மூன்றாவது, தெரிவிப்பது வேறு, வெளியேற்றுவது வேறு. ஆசிரியருக்குச் சட்டம் தெரிவிக்கும் கடமையைத் தந்திருக்கிறது. வகுப்பை விட்டு அனுப்பும் அதிகாரத்தைத் தரவில்லை. தெரிவித்த அன்று மாலையும் அவள் பெயர் வருகைப்பதிவேட்டில் இருக்க வேண்டும்.

இவ்வளவு கடுமையான சட்டம் எல்லோருக்கும் நீதி செய்கிறதா என்றால், நீதிமன்றங்களே தயங்குகின்றன. 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், வளரிளம் பருவத்துக் காதலால் எழுந்த வழக்கு ஒன்றை ரத்து செய்தார். காதல் உறவில் இருக்கும் வளரிளம் பருவத்தினரைச் சிறைக்கு அனுப்புவது இந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்றார். அது எல்லா வழக்குக்கும் பொருந்தும் விதியாகிவிடவில்லை. சட்டத்தில் வயது மாறவுமில்லை. ஆனால் நம் விஷயத்துக்கு இன்னும் நெருங்கிய வழக்கு மேற்கு வங்கத்தில் நடந்தது. பதினான்கு வயதுப் பெண், வயது வந்த ஆணோடு வீட்டை விட்டுப் போனாள், குழந்தை பிறந்தது. உயர் நீதிமன்றம் அவனை விடுவித்தது. உச்ச நீதிமன்றம் தானாக எடுத்து 2024 ஆகஸ்டில் அவன் குற்றவாளிதான் என்றது. பிறகு வல்லுநர் குழுவை அனுப்பி அந்தப் பெண்ணிடமே கேட்கச் செய்தது. அவளை வதைத்தது அந்த உறவைவிட, அதன்பின் வந்த போலீசும் கோர்ட்டும், அவனை மீட்க அவள் அலைந்த அலைச்சலும்தான் என்பது தெரியவந்தது. 2025 மே 23 அன்று நீதிபதிகள் அபய் ஓகாவும் உஜ்ஜல் புயானும் தங்கள் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி, அவனுக்குத் தண்டனை விதிக்காமல் விட்டார்கள்.

அந்தத் தீர்ப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். மிச்சம்தான் நமக்கு வேண்டியது. மாநில அரசே அந்தப் பெண்ணுக்கும் குழந்தைக்கும் காப்பாளராக நடந்துகொள்ள வேண்டும், அவள் பத்தாம் வகுப்பு முடிக்கும் செலவையும், விரும்பினால் பட்டம் வரை படிக்கும் செலவையும் அரசே ஏற்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. கையில் பிள்ளையோடு இருக்கும் பெண் பத்தாம் வகுப்பு படிப்பது உச்ச நீதிமன்றத்துக்கு விநோதமாகத் தோன்றவில்லை. அப்படியிருக்க, தலைமையாசிரியர் அறையில் மட்டும் ஏன் விநோதமாகத் தோன்ற வேண்டும்?

சரி, பள்ளியில் என்ன கேட்கலாம்? பெரிதாக ஒன்றுமில்லை. விளையாட்டு வகுப்பிலிருந்து விலக்கு, கழிவறைக்குப் போக அனுமதி, பிரசவத்துக்கு முன்னும் பின்னும் சில வாரம் மருத்துவ விடுப்பு, விடுபட்ட பாடக் குறிப்பு, செய்முறைத் தேர்வுக்கு வேறு தேதி. மார்ச்சில் பிரசவம் என்றால் பொதுத்தேர்வு போய்விட்டது என்று அழ வேண்டாம். தேர்வுக்கு வராதவர்களும் அடுத்து வரும் துணைத்தேர்வை எழுதலாம், அந்த ஆண்டே தேறிவிடலாம். விடுதியில் இருக்கும் பெண் என்றால் நிலைமை கடினம், ஒப்புக்கொள்கிறேன். நிறைமாதப் பெண்ணை நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே வைத்துப் பார்த்துக்கொள்ள விடுதிக் காப்பாளரால் முடியாது. அப்போதும் விடுதியிலிருந்துதான் விலக வேண்டும், பள்ளியிலிருந்து அல்ல. வீட்டிலிருந்தோ வேறு ஊர் உறவினர் வீட்டிலிருந்தோ வந்து போகும் மாணவியாக மாற்றக் கேட்கலாம். அந்தப் பள்ளிக்கே திரும்ப முடியாது என்று அவளே சொன்னால், மாற்றுப் பள்ளியில் இடம் உறுதியான பிறகு டி.சி. வாங்குங்கள். வாங்கும்போது நடத்தை என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அங்கேயே நின்று படித்துப் பாருங்கள்.

ஏற்கெனவே வாங்கி வீட்டில் பெட்டிக்கடியில் வைத்துவிட்டவர்களுக்கும் கதவு மூடவில்லை. பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கண்டறியும் கணக்கெடுப்பை ஒவ்வோர் ஆண்டும் நடத்துவது வட்டார வள மையம்; ஏற்காட்டில் கேட்டால் எந்தப் பள்ளியில், எந்த வகுப்பில் சேரலாம் என்று சொல்வார்கள். தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் எழுதலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பதினான்கு வயது முடிந்தால் பத்தாம் வகுப்புக்குச் சேரலாம். ஐந்து ஆண்டில் ஒவ்வொரு பாடமாக எழுதி முடிக்கலாம். கைக்குழந்தைக்காரிக்குப் பொருந்துகிற ஏற்பாடு. ஆனால் நான் இதைக் கடைசியில் வைக்கிறேன். 'வீட்டிலேருந்தே படிச்சுக்கட்டும்' என்பது பள்ளிக்கு மிக வசதியான யோசனை. மாலையில் வகுப்புத் தோழியோடு பேருந்து ஏறுவதை எந்தத் தபால் புத்தகமும் ஈடுசெய்யாது.

பணம்? இங்கே அரசின் கையே முரண்படுகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்குப் பத்தொன்பது வயது ஆகியிருக்க வேண்டும். மத்திய அரசின் மாத்ரு வந்தனா திட்டத்துக்குப் பதினெட்டு வயது ஏழு மாதம். குழந்தைத் திருமணத்தை ஊக்குவிக்கக் கூடாது என்ற நியாயம் புரிகிறது. ஆனால் தண்டனை விழுவது பதினாறு வயதுக்காரியின் தட்டில். மிச்சம் இருப்பவற்றைச் சொல்கிறேன். உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கன்வாடியில் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் கிடைக்க வேண்டிய சத்துணவுக்கு வயது வரம்பு இல்லை. அரசு மருத்துவமனையில் பிரசவமும் மருந்தும் போக்குவரத்தும் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இலவசம். மிஷன் வாத்சல்யா திட்டத்தின் நிதி ஆதரவு மாதம் 4,000 ரூபாய்; மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். குடும்பம் கைவிட்ட கர்ப்பிணிச் சிறுமிகளுக்குத் தங்குமிடம், படிப்பு, மருத்துவம் ஆகியவற்றுக்காக நிர்பயா நிதியிலிருந்து 2023-இல் தனித்திட்டமும் வந்தது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து முடித்தவள் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். தாலிக்குத் தங்கம் தந்த பழைய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டம்தான் 2022-இல் இப்படிப் படிப்புக்கான பணமாக மாறியது. அரசே தன் பணத்தைத் தாலியிலிருந்து புத்தகத்துக்கு மாற்றிவிட்டது என்று வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிப் பாருங்கள், சில சமயம் எடுபடும்.

மலையில் இன்னொரு தாளும் முக்கியம்: பழங்குடியினர் சாதிச் சான்று. கோட்டாட்சியர் அலுவலகத்தில்தான் தருவார்கள். விடுதிக்கும் கல்வி உதவித்தொகைக்கும் அது வேண்டும். அப்பா பெயரில் இருக்கிறதா, அவளுக்குத் தனியாக எடுத்தாகிவிட்டதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிறந்த பிள்ளையைப் பற்றி ஒரு வரி. குழந்தைத் திருமணத்தில் பிறந்தாலும் அது சட்டப்படியான பிள்ளைதான் என்கிறது 2006 சட்டத்தின் 6-ஆம் பிரிவு. அந்தக் கல்யாணத்தை வேண்டாம் என்று ரத்து செய்ய அவளுக்கு இருபது வயது முடியும்வரை உரிமை உண்டு. மறுமணம் வரை ஜீவனாம்சமும் கேட்கலாம். ரத்து செய்தால்தான் படிக்கலாம் என்று எங்கும் இல்லை. கழுத்தில் தாலியோடும் வகுப்பில் உட்காரலாம்.

பள்ளி மறுத்தால் 14417 என்ற கல்வி உதவி எண்ணில் தொடங்கலாம். முதன்மைக் கல்வி அலுவலரிடம் மனு தரலாம். உண்டு உறைவிடப் பள்ளி என்றால் மனு பழங்குடியினர் நலத் துறையின் திட்ட அலுவலருக்குப் போக வேண்டும். கல்வித் துறையிடம் கொடுத்து, 'இது எங்க பள்ளி இல்லீங்க' என்ற பதிலுக்கு ஒரு மாதம் காத்திருக்காதீர்கள். கல்யாணப் பேச்சு நடக்கிறது என்றால் 1098, அல்லது குழந்தைத் திருமணத் தடை அதிகாரியான மாவட்டச் சமூக நல அலுவலர். பெண்களுக்கான உதவி எண் 181. எதுவும் நடக்கவில்லை என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையமும், அதற்கு மேல் உயர் நீதிமன்ற ரிட் மனுவும். வக்கீலுக்குப் பணம் எங்கே என்ற கேள்விக்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் பதில் வைத்திருக்கிறது: பெண்ணுக்கும் குழந்தைக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர். இவள் மூன்று வகையிலும் வருகிறாள். அழைக்க 15100.

இத்தனைக்கும் முன்னால் ஒரு கடிதம். தலைமையாசிரியர் அறைக்குப் போகும்போதே கையில் இருக்கட்டும். நோட்டுத் தாள் போதும். இப்படி எழுதலாம்: 'என் மகள் உங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். மருத்துவக் காரணத்தால் சில வாரம் வகுப்புக்கு வர இயலாது. அவள் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மாற்றுச் சான்றிதழ் நாங்கள் கேட்கவில்லை. விடுப்பு முடிந்து அவள் வகுப்புக்குத் திரும்புவாள். இதை ஏற்க இயலாது என்றால் காரணத்தை எழுத்தில் தரவும்.' மருத்துவக் காரணம் என்பதற்கு மேல் இந்தத் தாளில் எதுவும் வேண்டாம். தேதி போட்டு, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பள்ளி முத்திரையோடு பெற்றுக்கொண்டோம் என்று கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் ஏற்காடு அஞ்சலகத்துக்கு நடந்து போய் ஒப்புகை கேட்டு விரைவுத் தபாலில் அனுப்பிவிட்டு, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.